தெரு முதலில், வீடு பிறகு: ஆரம்பத் திட்டம் ஒரு நகரத்தின் எதிர்காலத்தை எப்படித் தீர்மானிக்கிறது?

புதிய நகரங்களைப் பற்றிய செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கெய்ரோவுக்குக் கிழக்கே புதிய நிர்வாகத் தலைநகரம் அமைக்கப்போவதாக எகிப்து 2015-ல் அறிவித்தது. ஜகார்த்தாவிலிருந்து போர்னியோ தீவில் அமையும் நுசாந்தாராவுக்குத் தலைநகரை மாற்ற இந்தோனேசியா 2022-ல் சட்டம் இயற்றியது. இப்படி ஒவ்வொரு அறிவிப்போடும் கண்ணாடிக் கோபுரங்களும் செயற்கை ஏரிகளும் நிறைந்த கணினிப் படங்கள் வருகின்றன. பேச்செல்லாம் கோபுரத்தின் உயரத்தைப் பற்றியே நடக்கிறது.

அந்தப் படங்களில் யாரும் அதிகம் கவனிக்காத ஒன்று, கட்டடங்களுக்கு நடுவே ஓடும் கோடுகள். தெரு எங்கே போகிறது, அதன் அகலம் என்ன, நிலம் எந்த அளவில் மனைகளாகப் பிரிகிறது என்பவை அவற்றில்தான் இருக்கின்றன. ஒரு நகரம் பின்னாளில் நடக்க ஏற்றதா, பஸ்ஸும் ரயிலும் ஓட இடமுள்ளதா, வீடு கட்டக் கட்டுப்படியாகுமா என்பதில் பெரும்பகுதியை முடிவு செய்வது இவைதான். எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நான்கு அடுக்குகள், நான்கு வேகங்கள்

நகரத்தை நான்கு அடுக்குகளாகப் பிரித்துக்கொண்டால் விஷயம் எளிதாகப் புரியும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மாறுகிறது.

1. கட்டடம். நம் கண்ணுக்கு முதலில் தெரிவது இதுதான்; மிக வேகமாக மாறுவதும் இதுதான். ஒரு மனையில் நூறு ஆண்டுகளில் மூன்று கட்டடங்கள் வந்து போகலாம்.

2. நிலத்தடி அமைப்புகள். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், மின்கம்பி. இவை பெரும்பாலும் தெருவுக்கு அடியில் ஓடுவதால் தெரு போகும் வழியில்தான் இவையும் போக முடியும்.

3. மனை. தனித்தனி உரிமையாளர்களுக்கு உரிய நிலத் துண்டு. இதன் எல்லையைப் பத்திரமும் சட்டமும் காக்கின்றன. இரண்டு மனைகளைச் சேர்க்க இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். இருபதைச் சேர்க்க இருபது பேர்.

4. தெருக்கோடு. பொதுப் பயன்பாட்டுக்கான நிலத்துக்கும் தனியார் நிலத்துக்கும் இடையிலான எல்லை. நான்கில் மிகவும் மெதுவாக மாறுவது இது. நான்கு தெருக்களுக்கு நடுவே அகப்பட்ட நிலத்தைப் பிளாக் என்கிறோம்.

இந்த எல்லைகள் எவ்வளவு பிடிவாதமானவை என்பதற்கு இத்தாலியில் கண்கூடான சாட்சி இருக்கிறது. லூக்கா நகரில் ரோமானியர் காலத்தில் ஒரு வட்டரங்கு இருந்தது. அரங்கம் சிதைந்து அதன் கற்களை ஆளுக்கொரு பக்கம் எடுத்துப்போனார்கள். எஞ்சிய சுவர்களை ஒட்டி வீடுகள் எழுந்தன. இன்று அந்த வீடுகள் சூழ்ந்த சதுக்கம் அச்சு அசலாக நீள்வட்ட வடிவில் இருக்கிறது. ரோம் நகரின் பியாட்சா நவோனாவும் அப்படித்தான். முதலாம் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப் பந்தய அரங்கின் நீண்ட வடிவத்தைப் பேரரசு போய் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தச் சதுக்கம் விடவில்லை.

நகரமே எரிந்தாலும் தெரு ஏன் எரிவதில்லை

1666 செப்டம்பரில் லண்டனின் மையப்பகுதி நான்கைந்து நாட்கள் எரிந்தது. சுமார் 13,200 வீடுகள் சாம்பலாயின. தீ அடங்கி ஒரு வாரம் ஆவதற்குள் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகலமான நேர் சாலைகளும் சதுக்கங்களும் கொண்ட புதிய வரைபடத்தை மன்னர் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்தார். ஜான் ஈவ்லின், ராபர்ட் ஹூக் ஆகியோரும் ஆளுக்கொரு திட்டம் தீட்டினார்கள். வெற்று நிலம் தயார், வல்லுநர்கள் தயார், மன்னருக்கும் ஆர்வம் இருந்தது. ஆனாலும் அவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

காரணம், எரிந்தது வீடுகள்தான். நிலத்தின் மீதான உரிமை எரியவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு உரிமையாளர், அவருக்குக் கீழே குத்தகைதாரர், அவருக்கும் கீழே வாடகைதாரர் என்று அடுக்கடுக்காக உரிமைகள் இருந்தன. புதிய தெருவை வரைந்தால் இவர்கள் எல்லோருக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டும். கஜானாவில் பணம் இல்லை. குளிர்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, மக்களுக்குக் கூரை வேண்டும். கடைசியில் 1667-ல் வந்த மறுகட்டுமானச் சட்டம், செங்கல்லும் கல்லும் கொண்டுதான் கட்ட வேண்டும், எத்தனை மாடிகள் இருக்கலாம், சுவர் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று கட்டடங்களைக் கட்டுப்படுத்தியது. சில தெருக்களை அகலப்படுத்தினார்கள். நகராட்சி மன்றக் கட்டடமான கில்ட்ஹால் பக்கம் கிங் தெரு என்று ஒன்றைப் புதிதாகத் திறந்தார்கள். மற்றபடி இடைக்கால லண்டனின் தெருக்களே மறுபடி உயிர்பெற்றன. இன்று உலக நிதிச் சந்தையின் மையங்களில் ஒன்றான அந்தப் பகுதியில், மாட்டு வண்டிக் காலத்துச் சந்துகளின் தடத்தில்தான் வானுயரக் கட்டடங்கள் நிற்கின்றன.

இதோடு ராட்டர்டாமை வைத்துப் பாருங்கள். 1940 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்த நகரின் மையம் அழிந்தது. நெதர்லாந்து அதிகாரிகள் விரைவிலேயே எரிந்த பகுதியின் நிலம் முழுவதையும் கையகப்படுத்தினார்கள். உரிமையாளர்களின் கோரிக்கைகளைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, பழைய எல்லைகளை அழித்துவிட்டார்கள். அதனால்தான் 1946-ன் அடிப்படைத் திட்டம் முற்றிலும் புதிய தெருக்களோடு நிறைவேறியது. லண்டனிலும் ராட்டர்டாமிலும் அழிவு ஒன்றுபோலத்தான். வேறுபட்டது நில உரிமையைக் கையாண்ட விதம்.

தெருக்கோடு இவ்வளவு உறுதியாக நிற்க மூன்று காரணங்கள் சேர்கின்றன.

1. உரிமைகளின் எண்ணிக்கை. ஒரு வயலின் நடுவே சாலை போட ஒருவரிடம் பேசினால் போதும். அதே வயல் நூறு மனைகளாகி, நூறு குடும்பங்கள் கடன் வாங்கி வீடு கட்டிய பிறகு, ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும்.

2. விலை. நகரம் வளர வளர நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, சாலை வருகிறது என்ற எதிர்பார்ப்பினாலேயே வருவது. அரசு தான் உண்டாக்கப்போகும் மதிப்பையும் சேர்த்தே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

3. பின்னிப்பிணைதல். வாசல் தெருவைப் பார்த்திருக்கிறது, குழாய் தெருவில் ஓடுகிறது, முகவரி தெருவின் பெயரில் இருக்கிறது, கடைக்கு வாடிக்கையாளர் தெரு வழியாக வருகிறார். தெருவை நகர்த்தினால் இவை அத்தனையும் நகர வேண்டும்.

முடியவே முடியாது என்றில்லை. பாரிஸில் 1853 முதல் 1870 வரை நிர்வாகியாக இருந்த ஓஸ்மான், நெருக்கமான பழைய நகரத்தை அறுத்து அகலமான சாலைகளைப் போட்டார். அதற்கு ஒரு பேரரசரின் முழு ஆதரவும் பெருங்கடனும் தேவைப்பட்டன. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த ஏழைகள் நகரத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள். பிந்திய திருத்தத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது இந்த மக்களையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

நியூயார்க் 1811: வயல்மேல் வரைந்த கட்டங்கள்

முன்கூட்டியே கோடு போட்டால் என்ன ஆகும்? இதற்கு மிகத் தெளிவான உதாரணம் நியூயார்க்கின் மையமான மன்ஹாட்டன் தீவு.

1810-ல் நியூயார்க்கின் மக்கள் தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஊர் தீவின் தெற்கு முனையில் ஒடுங்கியிருந்தது. வடக்கே பண்ணைகள், பாறைகள், ஓடைகள், சதுப்பு நிலம். அந்த நிலையில் மூன்று ஆணையர்கள் தீவின் நீளவாக்கில் ஓடும் 12 அவென்யூக்களையும் 155 குறுக்குத் தெருக்களையும் வரைபடத்தில் போட்டார்கள். அவென்யூ 100 அடி அகலம். சாதாரணக் குறுக்குத் தெரு 60 அடி. சில குறுக்குத் தெருக்கள் மட்டும் 100 அடி. சீனாவுக்கு இந்தப் பக்கம் எங்குமே இல்லாத கூட்டத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களே என்று சிலர் சிரிக்கக்கூடும் என்று தங்கள் குறிப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

வரைபடத்தை நிலத்தில் இறக்கியவர் ஜான் ராண்டல் என்ற இளம் சர்வேயர். தங்கள் தோட்டத்தின் நடுவே தெரு வரப்போவதைக் கண்டு கொதித்த நில உரிமையாளர்கள் அவர்மீது அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். அவர் கைதும் செய்யப்பட்டார். அவர் விடவில்லை. வருங்காலச் சந்திப்பு ஒவ்வொன்றையும் குறிக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பளிங்குக் கற்களை ஊன்றினார். பாறை இருந்த இடத்தில் இரும்பு ஆணி அடித்தார். தெரு உடனே போடப்படவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் போடப்பட்டது. ஆனால் கல் நட்ட நாளிலிருந்தே, அந்த இடத்தில் வீடு கட்டுவது வீண் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நிலத்தை வாங்குவோரும் விற்போரும் அந்தக் கோடுகளை வைத்தே பேரம் பேசினார்கள். தெரு திறக்கப்பட்டபோது ஆகும் செலவில் பெரும்பங்கு, அதனால் பலன் பெறும் பக்கத்து நிலக்காரர்களிடமிருந்தே வசூலானது.

அதன் பலன் அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் தெரிந்தது. 1811-ல் குதிரை வண்டிக்காக வரைந்த அவென்யூவில் பிறகு டிராம் ஓடியது. 1904-ல் முதல் சுரங்க ரயில் வந்தபோது, தெருவைத் தோண்டி, தடம் அமைத்து, மேலே மூடிவிடும் முறையைப் பயன்படுத்த முடிந்தது. அடியில் இருந்தது பொது நிலம். 1910 வாக்கில் மன்ஹாட்டனில் சுமார் 23 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். நூறு ஆண்டில் இருபது மடங்குக்கு மேல் பெருகிய மக்களை அதே கட்டங்கள் தாங்கின.

அதே திட்டம் செய்த கெடுதலையும் சொல்லியாக வேண்டும். வழக்கமான மனை 25 அடி அகலம், 100 அடி ஆழம் என்று ஆனது. ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு அது சரி. குடியேறிகள் கூட்டம் கூட்டமாக வந்தபோது அதே மனையில் ஐந்தாறு மாடி வாடகைக் கட்டடங்கள் எழுந்தன. இரண்டு பக்கமும் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். முன்னாலும் பின்னாலும் மட்டுமே ஜன்னல். நடுவில் இருந்த அறைகளுக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்று 1879-ல் சட்டம் வந்தது. உடனே கட்டடங்களுக்கு நடுவே ஒடுக்கமான காற்றுக் குழி ஒன்றை விட்டு, அதைப் பார்த்து ஜன்னல் வைத்தார்கள். மேல் மாடிக்காரர்கள் குப்பை கொட்டும் இடமாக அது மாறியது. தீப்பிடித்தால் புகைபோக்கியாகவும் மாறி நெருப்பை மேலே இழுத்தது. 1901-ல் வந்த அடுத்த சட்டம்தான் அந்த வடிவத்தைத் தடை செய்தது. அப்புறம்தான் இரண்டு மூன்று மனைகளைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் பரவியது. ஒரு மனையின் அகலத்தைத் தீர்மானித்த பேனா, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒரு குழந்தை எந்தக் காற்றைச் சுவாசிக்கும் என்பதையும் தீர்மானித்துவிட்டது.

இன்னொரு குறை, பெரிய பூங்காவுக்கு அதில் இடமில்லை. தீவைச் சுற்றி ஆறு இருப்பதால் காற்றுக்குப் பஞ்சமில்லை என்று ஆணையர்கள் நினைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து சென்ட்ரல் பார்க்குக்காக நிலம் எடுத்தபோது நிலத்துக்கு மட்டும் சுமார் 50 லட்சம் டாலர் ஆனது. சுமார் 1,600 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கி அமைத்திருந்த செனெகா வில்லேஜ் என்ற குடியிருப்பு அதில் மறைந்தே போனது.

அகலமும் பிளாக் அளவும்

கட்ட அமைப்பு என்றாலே நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அளவுதான் விஷயம். இரண்டு அமெரிக்க நகரங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

போர்ட்லாந்தில் ஒரு பிளாக் 200 அடிக்கு 200 அடி, தெரு பெரும்பாலும் 60 அடி. 1847-ல் நிறுவப்பட்ட சால்ட் லேக் சிட்டியில் ஒரு பிளாக் 660 அடிக்கு 660 அடி, தெரு 132 அடி. மாடு பூட்டிய வண்டி வசதியாகத் திரும்ப அந்த அகலம் வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்த அளவுகளின்படி ஒரு சதுர கிலோமீட்டரில் போர்ட்லாந்தில் சுமார் 160 தெருச் சந்திப்புகள் வரும். சால்ட் லேக் சிட்டியில் 17 மட்டுமே. அங்கே ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு 200 மீட்டர் நடக்க வேண்டும், பிறகு 40 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க வேண்டும். இத்தனைக்கும் சால்ட் லேக் சிட்டியில் தெருவுக்குப் போன நிலம் ஒன்றும் குறைவில்லை, சுமார் 30 சதவீதம். நிலம் கொடுத்தும் நடப்பவருக்குப் பலன் கிடைக்கவில்லை. விவசாயத் தோட்டத்தோடு கூடிய வீடுகளுக்காக அமைத்த பிளாக்குகள் நகர மையத்துக்குப் பொருந்தாமல் போனதால், பிற்காலத்தில் அவற்றுக்குள் சிறு தெருக்களும் நடைவழிகளும் போட வேண்டியிருந்தது.

மெல்போர்ன் வேறு வகை. 1837-ல் ராபர்ட் ஹாடில் வரைந்த கட்டத்தில் பெரிய தெருக்கள் 99 அடி, அவற்றுக்கு இடையே 33 அடி அகலச் சிறு தெருக்கள். பெரிய தெருக்களில் டிராம் ஓடவும் மற்ற வண்டிகள் போகவும் இடம் இருந்தது. மோட்டார் கார் பெருகியபோது உலகின் பல நகரங்கள் டிராம் தடங்களைப் பிடுங்கின. ஒழுங்கில்லாத குறுகிய தெருக்கள் கொண்ட சிட்னி 1961-ல் கடைசி டிராமை நிறுத்தியது. மெல்போர்ன் வைத்துக்கொண்டது. இன்று சுமார் 250 கிலோமீட்டர் நீளத்தில் உலகின் மிகப் பெரிய டிராம் வலையமைப்பு அங்கேதான் இருக்கிறது. அகலம் மட்டுமே இதற்குக் காரணமில்லை, நிர்வாகத்தின் முடிவுகளும் இருந்தன. ஆனால் அகலம் இருந்ததால்தான் அப்படி ஒரு முடிவுக்கே வழி இருந்தது. பின்வாசலுக்காக விட்ட சிறு தெருக்களும் அவற்றிலிருந்து கிளைத்த சந்துகளும் இன்று கடைகளும் காப்பிக் கடைகளும் நிறைந்த நடைபாதைகளாகிவிட்டன. பெரியதும் சிறியதும் கலந்திருந்ததுதான் அந்தத் திட்டத்தின் பலம்.

பார்சிலோனாவில் 1859-ல் ஒப்புதல் பெற்ற பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தாவின் திட்டத்தைப் பார்த்தால், எது நிற்கும், எது நிற்காது என்பது பளிச்சென்று தெரியும். 113 மீட்டர் சதுர பிளாக்குகள், முனைகள் சாய்வாக வெட்டப்பட்டவை. தெருக்கள் 20 மீட்டர். ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு பக்கம் மட்டும் கட்டடம், நடுவில் எல்லோருக்கும் தோட்டம் என்று செர்தா விரும்பினார். தொழிலாளர் குடும்பத்துக்கும் போதிய காற்றும் வெயிலும் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அவர். நில வியாபாரிகள் நான்கு பக்கமும் கட்டினார்கள், பிறகு தோட்டத்தையும் அடைத்தார்கள், மாடிகளையும் உயர்த்தினார்கள். கட்டடம் பற்றிய அவர் விதிகள் தோற்றன. தெருவும் வெட்டுமுனையும் அப்படியே நின்றன. 2016 முதல் ஒன்பது பிளாக்குகளை ஒன்றாகச் சேர்த்து, உள்தெருக்களில் வாகனத்தைக் கட்டுப்படுத்தி, சந்திப்புகளைச் சிறு பூங்காக்களாக மாற்றும் முயற்சி அங்கே நடக்கிறது. பிளாக்குக்குள் பறிபோன தோட்டத்தைத் தெருவில் திரும்பப் பெற முடிவதே, செர்தா அன்று தெருவைத் தாராளமாக விட்டதால்தான்.

அதற்காக அகலம் எவ்வளவு இருந்தாலும் நல்லது என்று ஆகாது. மியான்மரின் தலைநகர் நேபிடாவில் 20 வழித்தடச் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. நகரங்களின் நிலத்தில் குறைந்தது 30 சதவீதம் தெருவுக்குப் போக வேண்டும், ஒரு சதுர கிலோமீட்டரில் குறைந்தது 18 கிலோமீட்டர் தெரு நீளம் வேண்டும் என்று ஐநாவின் வாழ்விட அமைப்பான யுஎன்-ஹாபிடட் பரிந்துரைக்கிறது. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். சில பிரம்மாண்டச் சாலைகளை மட்டும் போட்டு 30 சதவீதத்தைக் காட்டிவிட முடியாதபடி அது தடுக்கிறது.

முன்பே போடுவதா, பின்பு சரிசெய்வதா: தான்சானியா தரும் சான்று

மேலே சொன்னவை பணக்கார நகரங்களின் கதைகள் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குத் தான்சானியாவில் பதில் இருக்கிறது.

1970, 80-களில் உலக வங்கியின் உதவியோடு தான்சானியாவின் பல நகரங்களில் இரண்டு விதமான பணிகள் நடந்தன. முதல் வகை: காலி நிலத்தில் மனைகளை அளந்து, சாலைக்கு இடம் விட்டு, தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுப்பது; வீட்டை மக்களே கையிலிருக்கும் காசுக்கேற்ப மெதுவாகக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகை: ஏற்கெனவே நெருக்கமாக எழுந்துவிட்ட குடிசைப் பகுதிகளுக்குள் சாலையும் தண்ணீரும் கொண்டுபோவது.

பல பத்தாண்டுகள் கழித்து லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களையும் வீட்டு விவரங்களையும் வைத்து இவற்றை ஒப்பிட்டார்கள். ஆய்வு 2021-ல் வெளியானது. முன்கூட்டியே மனை பிரித்த பகுதிகளில் வீடுகள் பெரியவை, ஒழுங்கான வரிசையில் இருந்தன, வசதிகளும் நிலத்தின் மதிப்பும் கூடுதல். பின்பு மேம்படுத்தப்பட்ட பகுதிகளில் அந்த அளவு முன்னேற்றம் தெரியவில்லை. படித்தவர்களும் சற்று வசதியானவர்களும் முதல் வகைப் பகுதிகளில் அதிகம் குடியேறியதும் இதில் ஒரு பங்கு. ஆனால் முழு வேறுபாட்டுக்கும் அது மட்டும் காரணமில்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இதை வைத்துக் குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவது வீண் என்று யாரும் சொல்லக் கூடாது. அங்கே வாழும் மனிதர்களுக்குத் தண்ணீரும் கழிவறையும் இன்றே வேண்டும். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. அடுத்து வருகிறவர்களுக்கு மனை அளந்து வைக்காவிட்டால், அவர்களும் கிடைத்த இடத்தில்தான் குடியேறுவார்கள். பிறகு அவர்களையும் அதே இக்கட்டில் தேடிப்போக வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் வரைந்துவிட்டால்?

திட்டம் மிகக் குறைவாக இருப்பது ஒரு ஆபத்து என்றால், மிக அதிகமாக இருப்பது இன்னொன்று. பிரேசிலின் தலைநகராகப் புதிதாகக் கட்டப்பட்ட பிரேசிலியா இதற்கு உதாரணம். லூசியோ கோஸ்டாவின் திட்டம் 1957-ல் தேர்வானது; 1960 ஏப்ரலில் நகரம் திறக்கப்பட்டது. எங்கே வீடு, எங்கே அலுவலகம், எங்கே ஹோட்டல், எங்கே வங்கி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகுதிகள். சுமார் ஐந்து லட்சம் பேருக்கான நகரம்.

அதைக் கட்டிய தொழிலாளர்கள் எங்கே வாழ்வார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. அவர்கள் போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், அவர்கள் போகவில்லை. நகரம் திறக்கும் முன்பே, 1958-ல், டாகுவாட்டிங்கா என்ற துணை நகரம் தொலைவில் தோன்றியது. 1971-ல் நகருக்கு அருகே குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்தி செய்லாண்டியாவில் குடியேற்றினார்கள். அந்த ஊரின் பெயரே, ஆக்கிரமிப்புகளை ஒழிக்கும் இயக்கம் என்ற அரசுத் திட்டத்தின் சுருக்கெழுத்திலிருந்து வந்தது. இன்று பிரேசிலியாவும் துணை நகரங்களும் அடங்கிய கூட்டாட்சி மாவட்டத்தில் சுமார் 28 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிறு பகுதியினரே கோஸ்டா வரைந்த நகருக்குள் வாழ்கிறார்கள். மற்றவர்கள் தினமும் தொலைதூரம் பயணித்து வேலைக்கு வருகிறார்கள். நகரின் மையம் 1987 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்பதால் அதைத் திருத்துவது இன்னும் கடினம்.

மன்ஹாட்டன் திட்டம் தெருவை மட்டும் உறுதியாகப் போட்டு, மனையில் என்ன வரும் என்பதைப் பெரும்பாலும் காலத்திடம் விட்டது. பிரேசிலியா இரண்டையும் இறுக்கிக் கட்டியது. என் பார்வையில் ஆரம்பத் திட்டத்தின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை: பின்னால் மாற்ற முடியாதவற்றை மட்டும் அது முன்னால் தீர்மானிக்கிறதா?

நிலம் எங்கிருந்து வரும்?

சரி, தெருவுக்கு 30 சதவீதம் வேண்டும் என்றால், அரசு அவ்வளவு நிலத்தையும் விலைக்கு வாங்க முடியுமா? பெரும்பாலான நகரங்களால் முடியாது. அதற்கான வழி நில மறுசீரமைப்பு. ஜெர்மனியின் பிராங்ஃபர்ட்டில் 1902-ல் இதற்குச் சட்டம் வந்தது. ஜப்பான் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் அழிந்த பகுதிகளை இப்படித்தான் சீரமைத்தார்கள். குஜராத்தில் இது நகரமைப்புத் திட்டம் என்ற பெயரில் பல காலமாக நடக்கிறது.

முறை எளிது. பத்துப் பேருக்குத் தலா ஒரு ஹெக்டேர், கோணல் மாணலான வயல்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். 35 சதவீதத்தைத் தெரு, பூங்கா, பள்ளி, செலவை ஈடுகட்ட விற்கும் மனைகள் ஆகியவற்றுக்கு ஒதுக்குகிறார்கள். மீதியைச் சீரான மனைகளாக்கி, ஒவ்வொருவருக்கும் 0.65 ஹெக்டேர் திருப்பித் தருகிறார்கள். பரப்பு குறைந்தது; ஆனால் இப்போது அது சாலையைப் பார்த்த மனை, மதிப்பு கூடுதல். யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பத்திரம் வைத்திருப்பவருக்குத்தான் மனை திரும்பக் கிடைக்கும். அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்களுக்கும் வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டவர்களுக்கும் கணக்கில் இடமில்லை. அவர்களுக்கெனத் தனியாக மனை ஒதுக்காத திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நியாயமானது என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் வசதி இல்லாத நகரங்களுக்கு இன்னும் சிக்கனமான வழி உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஷ்லோமோ ஏஞ்சல் இதை வலியுறுத்தி வருகிறார். நகரம் அடுத்த முப்பது ஆண்டுகளில் எவ்வளவு பரவும் என்று கணக்கிட்டு, அந்த நிலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக, 30 மீட்டர் அகலத்தில் முதன்மைச் சாலைகளுக்கு மட்டும் இடம் பிடித்து வைப்பது. கணக்குப் போட்டால் மொத்த நிலத்தில் இது 6 சதவீதம்கூட வராது. இந்தச் சாலைகளில்தான் பஸ் ஓடும், பெரிய குழாய்கள் போகும். உள்தெருக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொலம்பியாவில் மோண்டேரியா, வாயெதுபார் நகரங்களும் எத்தியோப்பியாவில் ஹவாசா, அடாமா போன்ற நகரங்களும் இந்த வழியில் இறங்கின. எத்தியோப்பியாவில் நிலம் அரசுக்கும் மக்களுக்கும் பொதுவான சொத்து என்பதால் அங்கே சாலைக்கு இடம் பிடிப்பது சற்று எளிது.

புதிய நகரத் திட்டத்தில் எதைத் தேடலாம்

அடுத்த முறை ஒரு புதிய நகரத்தின் படம் வெளியாகும்போது, கோபுரங்களை விட்டுவிட்டு இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. தெருவுக்கான நிலம் சட்டப்படி பொதுச் சொத்தாகிவிட்டதா, வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா? ராண்டல் நட்ட கற்கள் இல்லாமல் 1811 திட்டம் வெறும் காகிதம்தான்.

2. பிளாக்கின் நீளம் என்ன? 100 மீட்டரை ஒட்டி இருந்தால் நடக்கலாம். அரைக் கிலோமீட்டர் என்றால் அது காருக்கான நகரம்.

3. சிறிய மனைகள் இருக்கின்றனவா? பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் ஏற்ற அளவில் நிலத்தைப் பிரித்தால், ஒரு தையல்காரரோ ஒரு மெக்கானிக்கோ அங்கே தொழில் தொடங்க இடம் இருக்காது.

4. மழைநீர் எந்த வழியாகப் போகிறது? ஓடையையும் சதுப்பையும் மனையாக விற்றுவிட்டால் திரும்பப் பெறுவது, தெருவை அகலப்படுத்துவதைவிடக் கடினம்.

5. நகரத்துக்கு வேலை எங்கிருந்து வரும்? நல்ல தெரு வளர்ச்சியைத் தாங்குமே தவிர, வளர்ச்சியை அழைத்து வராது. துறைமுகமும் வணிகமும் இல்லாதிருந்தால் மன்ஹாட்டனின் கட்டங்களில் இன்றும் பண்ணைகள்தான் இருந்திருக்கும்.

6. கட்டுமானம் நடக்கும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் கொத்தனார்களும் சித்தாட்களும் அவர்கள் குடும்பங்களும் எங்கே தங்குவார்கள்? வரைபடத்தில் அவர்களுக்கு மனை எண் இருக்கிறதா?